நிலைத்திணை கற்பித்த முதற்கல்வி
(பொழிவின் எழுத்து வடிவம்)



கற்கால மாந்தன் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே எல்லார் நெஞ்சிலும் ஓர் ஓவியம் எழுகின்றது. அவன் கையில் கல்முனை வேல். எதிரே வெருண்டோடும் மான். அல்லது சினந்து திரும்பும் காட்டெருமை. பாடநூலிலும் அவ்வோவியமே, காட்சியகச் சுவரிலும் அவ்வோவியமே. அதில் கிழங்கு அகழ்பவள் இல்லை. புல்லரிசி உதிர்ப்பவள் இல்லை. கொட்டை உடைக்கும் முதியவன் இல்லை. கனி பொறுக்கும் சிறார் இல்லை. மறம் உண்டு, அன்றாட உண்டி இல்லை. அவ்வோவியம் முழுப்பொய் என்று எவரும் கூறார். ஆயின் அது பாதி மெய். பாதி மெய்யை முழு மெய்யாகக் கொண்டு மாந்த இனத்தின் வளர்ச்சியை எழுதினால், அறிவின் பிறப்பிடமே மாறிப் போகும். அம்பு எய்த கை மட்டும் நினைவில் நிற்கும். அடுப்பில் உணவு ஆக்கிய அறிவு மறக்கப்படும்.

எஞ்சியதும் இருந்ததும்

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? விடை எளிது. கல் அழியாது, எலும்பு நெடுங்காலம் நிற்கும், இலையும் கிழங்கும் கனியும் சில நாளில் அழுகி மண்ணாகும். அகழ்ந்தவர் கையில் கிடைத்தவை கல்லும் எலும்புமே. ஆகவே கல்லைக் கருவி என்றனர். எலும்பை உணவு என்றனர். பழமாந்தன் ஊனுண்டே வாழ்ந்தான் என்று முடித்தனர். எஞ்சியதைக் கொண்டு இருந்ததை அளந்த பிழை இது. பந்தி முடிந்தபின் இலையோரத்தில் எலும்பை மட்டும் கண்டவன், அங்குச் சோறே பரிமாறப்படவில்லை என்று கூறுவது எத்தகையதோ, அத்தகையது இது.

1966ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் வேட்டைக்குடிகளைப் பற்றிய ஆய்வரங்கு ஒன்று நடந்தது. வேட்டையாடும் மாந்தன் என்பதே அதன் பெயர். அவ்வரங்கிலேயே இரிச்சர்டு லீ என்னும் மாந்தவியல் அறிஞர், தென்னாப்பிரிக்கக் கண்டப்பகுதியின் கலகாரிப் பாலையில் வாழ்ந்த குங் மக்களோடு தங்கித் தாம் நிறுத்தும் எண்ணியும் கண்டவற்றை எடுத்து வைத்தார். அம்மக்கள் உணவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பெண்டிர் பெரும்பாலும் திரட்டி வந்த கொட்டையும் கிழங்கும் கனியுமே என்பது அவர் கண்ட முடிவு. வேட்டையின் பெயர் தாங்கிய அரங்கிலேயே திரட்டலின் பெருமை வெளிப்பட்டது. எல்லா நாட்டுக்கும் இக்கணக்குப் பொருந்தும் எனல் ஆகாது. பனி மூடிய வடமுனையில் வாழ்ந்தோர் ஊனையும் மீனையுமே பெரிதும் நம்பினர். ஆயின் வெயில் படும் நிலமெங்கும் மாந்தனின் கலத்தில் செடியும் கொடியும் மரமும் தந்தவை தவறாது இருந்தன.

இன்று அகழ்வாய்வு முறைகளும் மாறிவிட்டன. அகழ்ந்த மண்ணை நீரில் இட்டுக் கலக்கினால் கரிந்த விதைகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய சல்லடையில் வாரி எடுக்கின்றனர். அரைகல்லின் புரையில் ஒட்டிய மாப்பொருள் மணிகளை நுண்ணோக்கியில் காண்கின்றனர். பல்லில் படிந்து கல்லாய் இறுகிய காறையையும் கரைத்து ஆய்கின்றனர். ஈராக்கு நாட்டுச் சனிதார்க் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மாந்தரின் பற்காறையில், வாற்கோதுமையை ஒத்த புல்லினங்களின் மாப்பொருள் மணிகள் இருந்தமையும், அவற்றுட் சில வெந்தவை என்பதும் 2011இல் வெளியான ஆய்வால் தெரிய வந்தன. மண் மறைத்ததைப் பல் மறவாது காத்தது.

நின்று தப்பும் உயிர்

செடிகொடி மரங்களை நிலைத்திணை என்றும், விலங்கு பறவை முதலியவற்றை இயங்குதிணை என்றும் கூறும் வழக்குத் தமிழில் உண்டு. நிற்பது நிலைத்திணை, இயங்குவது இயங்குதிணை. இச்சொற்களுக்குள்ளேயே பழமாந்தனின் உணவுச் சிக்கல் முழுதும் அடங்கியுள்ளது.

இயங்குவது ஓடித் தப்பும். அதை வெல்ல விரைவும் குறியும் வேண்டும். நிற்பது ஓட இயலாது. ஆகவே அது எளிதில் அகப்படும் என்று எண்ணுதல் அறியாமை. நிலைத்திணை நின்றே தப்பும். கிழங்கை மண்ணுக்குள் ஒளித்து வைக்கும். மணியை உமியால் மூடும். பருப்பை ஓட்டுக்குள் பூட்டும். முற்றிய விதையை ஒரு காற்றில் உதிர்த்துவிடும். இலையிலும் வேரிலும் கசப்பும் நஞ்சும் ஏற்றும். ஆண்டில் சில நாளே கனிந்து, பிற நாளெல்லாம் வெறுங்கிளையாய் நிற்கும். இத்தனை அரண்களையும் வேலால் உடைக்க முடியாது. அறிவால் மட்டுமே உடைக்க முடியும். எது, எங்கே, எப்போது, எப்பகுதி, எவ்வாறு ஆக்கினால் உண்ணலாம் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் பசியோ சாவோ உறுதி. மாந்த இனம் பயின்ற முதற்கல்வி இதுவே என்பதற்கு உலகின் பல மூலைகளிலிருந்து சான்றுகள் கிடைத்துள்ளன.

மண்ணுள் ஒளிந்த கிழங்கு

தென்னாப்பிரிக்காவின் கிழக்கெல்லையில், இலெபோம்போ மலைத்தொடரில் எல்லைக்குகை எனப் பெயர் பெற்ற குகை ஒன்று உள்ளது. அதன் பழைய சாம்பற் படிவுகளில் ஐப்பாக்சிசு என்னும் செடியின் கரிந்த கிழங்குகள் கிடைத்தன. அவற்றின் பழைமை 1,70,000 ஆண்டு வரை செல்கின்றது. இச்செய்தி 2020இல் வெளியாயிற்று. அக்கிழங்கு மாப்பொருள் மிக்கது. ஆயினும் நார் மிகுந்தது. சுட்டால் நார் இளகும். தோல் எளிதில் உரியும். ஆகவே அகழ்கோலும் நெருப்பும் ஆகிய இரண்டும் அங்கே கைகோத்தன.

இங்கு எண்ணத் தக்கது ஒன்று உண்டு. பசித்தவன் கிழங்கை அகழ்ந்த இடத்திலேயே உண்டிருக்கலாம். ஆயின் அவை அகழ்ந்த இடத்திலிருந்து குகைக்குச் சுமந்து வரப்பட்டுள்ளன. அடுப்புச் சாம்பலில் இட்டுச் சுடப்பட்டுள்ளன. தனியே உண்ணாமல் வீட்டுக்குக் கொணர்ந்தது பகிர்ந்து உண்ணுதற்கே எனல் பொருந்தும். அகழ முடியாத முதியோரும் நடக்கவியலாக் குழவியரும் அவ்வடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கக் கூடும். வேட்டை ஒருநாள் வாய்க்கும், பலநாள் பொய்க்கும். கிழங்கோ நின்ற இடத்தில் நிற்கும். அந்நிலையான உணவே குடும்பத்தை நிலைப்பித்தது.

ஏரி காத்த குடில்கள்

மேலையாசியாவில் யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கு இவ்வகைச் சான்றுகளின் கருவூலம் எனலாம். கெசர் பெனோத்து யாகோவ் என்னும் இடத்தில் 7,80,000 ஆண்டுகட்கு முன்னரே கொட்டைகளை வைத்து உடைத்த குழிக்கற்களும், உண்ணத் தக்க ஐம்பதுக்கு மேற்பட்ட நிலைத்திணை வகைகளின் எச்சங்களும் கிடைத்துள்ளன. அங்கிருந்து தெற்கே கலிலேய ஏரி. 1989ஆம் ஆண்டு வறட்சியால் அவ்வேரியின் நீர் மிகத் தாழ்ந்தது. அதுவரை நீருக்குள் கிடந்த கரைநிலம் வெளிப்பட்டது. அங்கே ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழைமை உடைய குடியிருப்பு ஒன்று தெரிந்தது. ஒகாலோ என்பது அவ்விடத்தின் பெயர். தானி நாதெல் என்னும் தொல்லியலார் தலைமையில் அகழ்வு நடந்தது.

அக்காலம் பனியூழியின் கடுங்குளிர் உச்சம். கிளைகளாலும் தழைகளாலும் வேய்ந்த ஆறு குடில்கள், அடுப்புகள், ஒரு மாந்தப் புதைகுழி ஆகியவை அங்கே இருந்தன. குடில்கள் தீப்பட்டுக் கரிந்தன. பின்னர் ஏரி பெருகி அவற்றை வண்டலால் மூடிற்று. கரிந்தமையால் விதைகள் அழுகவில்லை. நீருக்கடியில் காற்றுப் படாமையால் சிதையவில்லை. நெருப்பும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பர். ஒகாலோவில் இரண்டும் ஒன்றுசேர்ந்து ஒரு குடியின் உணவறையை 23,000 ஆண்டு காத்துத் தந்தன.

அவ்வுணவறையில் இருந்தவை யாவை? 140க்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,50,000 நிலைத்திணை எச்சங்கள். காட்டு வாற்கோதுமை, காட்டுக் கோதுமை, காட்டு ஓட்சு, பிற சிறுமணிப் புற்கள், கருவாலிக் கொட்டை, வாதுமை, ஒலிவம், அத்தி, கொடிமுந்திரி, இலந்தை வகை. மீனும் மானும் பறவையும் உண்டதற்கும் எலும்புகள் உள்ளன. ஊனை வெறுத்தவர் அல்லர் அவர். ஊனை மட்டும் நம்பியவரும் அல்லர்.

புல்லின் மணியை உணவாக்குதல் எத்துணைக் கடினம் என்பதை அவையோர் எண்ணுக. இன்று வயலில் விளையும் கோதுமைக் கதிர், முற்றினும் உதிராமல் அறுப்பவன் வரவை நோக்கி நிற்கும். காட்டுக் கதிரின் இயல்பு வேறு. முற்றியவுடன் காம்பு முறிந்து மணி மண்ணில் சிதறும். ஒரு கிழமை முந்தினால் மணி பால். ஒரு கிழமை பிந்தினால் கதிர் வெறுமை. அச்சிறு இடைவெளியை அறிந்து, அந்நாளில் அங்கே நிற்க வேண்டும். திரட்டிய பின்னும் வேலை தொடரும். உமியை அகற்றிப் புடைக்க வேண்டும், அரைக்க வேண்டும், வேகவோ சுடவோ வேண்டும். இவ்வளவும் செய்தாலன்றி அம்மணி வயிற்றுக்கு உதவாது.

இவ்வளவையும் அவர்கள் செய்தனர் என்பதற்குச் சான்று ஒரு குடிலின் தரையில் கிடைத்தது. தட்டையான கருங்கல் ஒன்று அங்கே அசையாதபடி நிலைநிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் புரைகளிலிருந்து எடுத்த மாப்பொருள் மணிகளுள் வாற்கோதுமையின் மணிகள் இருந்தன. தொலோரசு பிப்பெர்னோ என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதனை 2004இல் வெளியிட்டனர். அருகில் கிடைத்த கரிந்த கல்லடுக்கைக் கொண்டு, மாவைப் பிசைந்து அப்பம் போன்றதொன்றைச் சுட்டிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. மேலும் ஒரு நுட்பம்: அக்கல்லைச் சுற்றி மணிகள் மிகுந்து கிடந்தன, கற்கருவி செதுக்கிய சில்லுகளோ வாயிற்பக்கம் மிகுந்து கிடந்தன. ஒரே குடிலுக்குள் உணவாக்கும் இடம் வேறு. கருவியாக்கும் இடம் வேறு. வெளிச்சம் விழும் வாயிலில் கல் செதுக்கியவர் இருந்தார். உள்ளே அரைகல்லின் முன் மாவு அரைத்தவர் இருந்தார். தரையில் புல் பரப்பிப் படுக்கை அமைத்திருந்தனர். விலங்கு நிலையில் அலைந்து திரிந்தோர் என்று பழிக்கப்பட்ட மாந்தரின் வீட்டு ஒழுங்கு இது!

இளவேனிலில் முற்றும் மணியும், கூதிர் நோக்கிக் கனியும் பழமும் ஒரே இடத்தில் கிடைத்தமையால், ஆண்டின் பல பருவங்களிலும் அங்கே மாந்தர் வாழ்ந்தனர் என்று தெரிகின்றது. ஆண்டுக்குறிப்பு எழுதப்படாத காலத்தில் பூப்பதும் காய்ப்பதும் உதிர்வதுமே அவர்தம் ஆண்டுக்குறிப்பு.

நஞ்சை வென்ற அறிவு

உமியை நீக்குதல் கை முயற்சி. நஞ்சை நீக்குதல் அதனினும் பெரிது, அது கூரறிவு. போர்னியோத் தீவின் நியாப் பெருங்குகையில் ஏறத்தாழ 40,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோர் விட்டுச் சென்ற எச்சங்களுள் காட்டுவள்ளி வகைகளும், பாங்கி என்னும் மரத்தின் கொட்டைகளும் உள்ளன. அவ்வள்ளிகளுள் ஒன்று உண்டாரை வீழ்த்தும் நஞ்சு உடையது. பாங்கிக் கொட்டை பச்சையாய் உண்டால் கொல்லும். தென்கிழக்காசிய மக்கள் அக்கிழங்கைச் சீவி ஓடுநீரில் நாள் கணக்கில் ஊற வைத்தும், அக்கொட்டையை அவித்துச் சாம்பலில் வாரக் கணக்கில் புதைத்து வைத்தும் நஞ்சகற்றி உண்பர். நியாக் குகையிலும் கொட்டைச் சிதறலோடு சாம்பல் நிறைந்த குழிகள் கிடைத்துள்ளன. அவை இம்முறையின் தொன்மைச் சான்றென ஆய்வறிஞர் கருதுகின்றனர்.

இவ்வறிவு எவ்வாறு வந்தது? ஒருவர் ஒருநாளில் கண்டிருக்க இயலாது. ஒருவர் சுவைத்து நோயுற்றதை மற்றவர் கண்டனர். ஊறியது குறைவாய்க் கசந்ததை இன்னொருவர் உணர்ந்தார். சாம்பல் பட்டது கேடு செய்யாமையைப் பிறிதொருவர் குறித்தார். கண்டதைப் பிள்ளைக்குச் சொன்னார். பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லிற்று. செய்து பார்த்தல், ஒப்பிடல், நினைவில் வைத்தல், பிறர்க்குக் கற்பித்தல் என்னும் இந்நான்கும் அறிவியலின் தூண்கள் அல்லவோ? அவை ஆய்வுக்கூடத்தில் தோன்றியவை அல்ல, அடுப்போரத்தில் தோன்றியவை.

இவ்வறிவுக்கு மாந்தர் விலையும் கொடுத்தனர். மொரோக்கோ நாட்டுத் தாபொரால்ட்டுக் குகையில் ஏறத்தாழ 15,000 முதல் 13,700 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோர், கருவாலிக் கொட்டையையும் பைன்மரப் பருப்பையும் மிகுதியாகத் திரட்டிச் சேமித்து உண்டனர். கூதிரில் உதிரும் கொட்டையைச் சேர்த்து வைத்தால் குளிரில் பசி இல்லை. ஆயின் பல்லில் ஒட்டும் அம்மாப்பொருள் உணவு பற்களை அரித்தது. அங்கே அடக்கம் செய்யப்பட்ட 52 பேரின் பற்களை ஆய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட பற்களில் சொத்தை இருந்தது. மூவர் நீங்கலாக எல்லார்க்கும் சொத்தைப் பல் இருந்தது. 2014இல் வெளியான இம்முடிவு, சொத்தைப்பல் உழவு தந்த நோய் என்னும் பழங்கருத்தைத் தகர்த்தது. ஏர் பிறக்கும் முன்னரே மாவுணவு பிறந்துவிட்டது.

உழவின் தாய்

மாந்தன் நெடுங்காலம் அறியாமையில் அலைந்தான், ஒருநாள் விதை முளைப்பதைக் கண்டு வியந்தான், அன்று உழவு பிறந்தது என்று கூறுவது வழக்கம். கிடைத்துள்ள சான்றுகள் அதனை ஒப்புவதில்லை. யோர்தான் நாட்டின் வடகிழக்குக் கரும்பாலையில் சுபைக்கா என்னும் இடத்து அடுப்புகளில் 14,400 ஆண்டுப் பழைமையுடைய அப்பத் துணுக்குகள் கிடைத்தன. காட்டுக் கோதுமை மாவோடு கோரை வகையின் கிழங்கையும் சேர்த்து அரைத்துப் பிசைந்து சுட்ட அப்பம் அது. 2018இல் இச்செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. அந்நிலப்பகுதியில் உழவு வேரூன்றியதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டு முந்தியது அவ்வப்பம். ஒகாலோவின் அரைகல்லோ உழவுக்குப் பதினோராயிரம் ஆண்டு முந்தியது.

ஆகவே உழவு வந்தபின் அப்பம் வரவில்லை. அப்பம் சுட்டவர்களே பின்னர் உழவரானார்கள். முளைக்கும் என்பதை அறியாமல் அவர்கள் விதைக்காமல் இருக்கவில்லை. காடே தந்தவரை விதைக்க வேண்டிய தேவை எழவில்லை எனல் பொருந்தும். உழவு அறிவின் தொடக்கம் அன்று. நெடிய அறிவின் மகள். அதன் தாய் திரட்டல்.

உழாத விளைவு

இவ்வாழ்வின் சாயல் தமிழ் இலக்கியத்திலும் பதிந்துள்ளது. புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்புமலை முற்றுகைக்கு அஞ்சாது என்பதற்கு அங்கு ஏர் தொடாமலே கிடைக்கும் நான்கு விளைவுகளைக் காட்டுகின்றார். மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மூவேந்தர் படை வயலை அழிக்கலாம். காட்டை அறிந்தவன் பசியால் பணியான். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ எயினப் பெண்டிரைக் காட்டுகின்றது. இரும்புமுனைக் கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி, நிலத்தில் குழித்த உரலில் இட்டுக் குற்றி, உவர்நீரில் உலையேற்றுகின்றனர் அவர்கள். எயினர் இரும்புக் காலத்தவர், ஒகாலோவினர் பழங்கற்காலத்தவர். இருவர்க்கும் குருதியுறவு கூற இடமில்லை. ஆயினும் உமி மூடிய சிறுமணி எழுப்பிய ஒரே வினாவுக்கு இருவரும் கண்ட விடை ஒன்றே.

ஆனைமலைக் காடரும் நீலமலைச் சாரற் காட்டுநாயக்கரும் காட்டுவள்ளியை அகழ்ந்து உண்ட மரபினர். எக்கொடி வாடினால் எக்கிழங்கு முற்றும், எந்நிலத்தில் அகழ்கோல் இறங்கும், எது உணவு, எது மருந்து, எது நஞ்சு என்பன அவர்கள் எழுதாமல் காத்த நூல்கள். அந்நூலுக்கு ஏடு இல்லை, நினைவே ஏடு. காடு சுருங்கினாலும், பிள்ளை அந்நிலத்தைவிட்டு அகன்றாலும், கிழங்கின் பெயர் முதலில் வழக்கிழக்கும். பெயரோடு அதனை ஆக்கும் முறையும் போகும். ஒகாலோவின் விதைகளைத் தீயும் நீரும் காத்தன. உயிரோடு இருக்கும் அறிவைக் காக்க அவ்விரண்டும் வாரா. கேட்கும் செவியும் குறிக்கும் கையுமே வேண்டும். மலைமக்கள் வாயில் வழங்கும் ஒவ்வொரு கிழங்கின் பெயரையும், அதன் பருவத்தையும், அதன் நஞ்சகற்றும் முறையையும் கேட்டு எழுதுதல், அகழாமலே செய்யும் அகழ்வாய்வு.

கற்கால ஓவியத்தை இனி எழுதுவோர் வேலேந்திய கையை அழிக்க வேண்டுவதில்லை. அதன் அருகே அகழ்கோல் பிடித்த கையை எழுதுக. அரைகல்லின் முன் அமர்ந்த தாயை எழுதுக. அவள் பக்கத்தில் அமர்ந்து, இது உண்ணலாம், இது ஆகாது என்று கேட்டுக் கற்கும் குழந்தையையும் எழுதுக. மாந்த இனத்தின் முதற்பள்ளி அது.